கடலுக்குப் போகிற வழி எந்த சர்வே நம்பரில் இருக்கிறது?

இரண்டு கடற்கரை ஓட்டல்களுக்கு நடுவே, பொதுமக்கள் கடலுக்குப் போய்வர, குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடம் விட வேண்டும். 1991 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் பின்னிணைப்பில் இந்த விதி இருக்கிறது. 2011-ல் அறிவிக்கையை மாற்றி எழுதினார்கள், 2019-ல் மறுபடியும் மாற்றினார்கள். இரண்டு தடவையும் இந்த வரியைக் கைவைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். இடது கைப்பக்கம் கூப்பிடு தூரத்தில் கடல். கண்ணில் படுவதோ காம்பவுண்டு சுவர், கேட், செக்யூரிட்டி கூண்டு, மறுபடி சுவர். 20 மீட்டர் என்றால் இரண்டு பஸ்ஸை நீளவாக்கில் நிறுத்தி அளக்கலாம், அவ்வளவு அகலம். அப்படி ஒரு திறப்பு இருந்தால் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்குக் கடல் தெரியாமல் போகாது.

நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். புலப்படம் (ஒரு சர்வே நம்பரின் அளவுப் படம்) வரைவது, உட்பிரிவு போடுவது (ஒரு நம்பரைப் பிரித்துத் துண்டுக்குத் தனி எண் கொடுப்பது), பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒத்துப் பார்ப்பது, இதிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் போயிற்று. அதனால் இந்த 20 மீட்டர் விதியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது ஒரே கேள்விதான். அந்த இடம் எந்த சர்வே நம்பரில் வருகிறது? பட்டா யார் பெயரில்?

விதி எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-ல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறிவருகிற உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை எந்த வேலையும் நடக்காமல் கடற்கரையைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1991 அறிவிக்கை. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானமே கூடாத பகுதி என்றது. அதற்கு அப்பால் ரிசார்ட் கட்டலாம், ஆனால் மனை குறைந்தது 0.4 ஹெக்டேர் இருக்க வேண்டும், உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, இரண்டு தளத்துக்கு மேல் கூடாது, மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது. இந்த வரிசையில்தான் 20 மீட்டரும் வருகிறது. 2011 அறிவிக்கை வேலியைப் பற்றியும் பேசுகிறது. உயிர்வேலியோ, செடி படர்ந்த முள்கம்பி வேலியோ போட்டுக்கொள்ளலாம், அதுவும் மக்கள் கடலுக்குப் போவதை எந்த விதத்திலும் தடுக்காமல் இருந்தால்தான். ஆளுயரச் சுவர்களை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் வயிறு எரிகிறது.

எதற்கு 20 மீட்டர், ஆள் நடக்க ஆறடி போதாதா என்று என்னிடம் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். குப்பத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் கேட்க மாட்டார்கள். ஃபைபர் போட் கரையேறியதும் மணலிலேயே ஏலம். எடுத்த மீனைக் கூடையில் கொட்டி, மேலே ஐஸைத் தூவி, தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் ரோட்டுக்கு நடப்பார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் மார்க்கெட். எதிரே ஐஸ் வண்டி வரும், டீசல் கேன் வரும், ரிப்பேருக்குப் போன எஞ்சினை இரண்டு பேர் கழியில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். புயல் அறிவித்துவிட்டால் போட்டையே டிராக்டரில் கட்டி மேட்டுக்கு இழுக்க வேண்டும். மாசி மகத்துக்கு உள்கிராமங்களிலிருந்து சாமியை டிராக்டரில் ஏற்றி மேளத்தோடு தீர்த்தவாரிக்குக் கொண்டுவருகிறார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் அதே மாசி மகத்துக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கன்னியம்மனுக்குப் படைத்து, விடியற்காலையில் கல்யாணம் நடத்துவார்கள். ஆறடிச் சந்தில் இதெல்லாம் நடக்காது. சுனாமிக்கு அப்புறம் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் ஏறி வந்தால் குப்பத்துச் சனங்கள் ஓடவும் அந்த வழிதான்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர் பெயரும் ரிசார்ட் பெயரும் வேண்டாம், விஷயம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் ஒரு மீனவ கிராமம். ரோட்டிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாகக் கடலுக்கு ஒரு வண்டிப்பாதை. ரிசார்ட் வந்த பிறகு பாதை தோப்போடு நின்றுவிட்டது. முதலில் கம்பி வேலி, அப்புறம் சுவர். என் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சர்வேல இருந்தியாமே கண்ணு. எங்க வழிய கொஞ்சம் பார்த்துச் சொல்லு. இப்ப ஊரச் சுத்திக்கினு வரேன், ரோட்டுக்கு வரதுக்குள்ள பாதி ஐஸு ஊத்திடுது."

கிராம வரைபடத்தையும் புலப்படங்களையும் எடுத்துப் பார்த்தேன். ரோட்டிலிருந்து தோப்பின் விளிம்பு வரை பாதைக்குத் தனி சர்வே நம்பர் இருக்கிறது. எந்த நம்பர் யாருடையது, என்ன வகை என்று காட்டுகிற கிராமக் கணக்கான 'அ' பதிவேட்டில் அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை என்று தெளிவாக இருக்கிறது. தோப்பு தொடங்கும் இடத்தில் அந்த நம்பர் முடிந்துவிடுகிறது. அடுத்தது பட்டா நிலம், அதையும் தாண்டித்தான் கடற்கரைப் புறம்போக்கு. பட்டா நிலத்தின் பழைய புலப்படத்தில், வடக்கு எல்லையை ஒட்டி, இரட்டைப் புள்ளிக்கோடாகப் பாதை வரைந்திருக்கிறது. அளக்கப் போன சர்வேயர் தரையில் வண்டித்தடத்தைப் பார்த்திருக்கிறார், பார்த்ததைக் குறித்திருக்கிறார். ஆனால் உட்பிரிவு செய்யவில்லை. கம்ப்யூட்டரில் இப்போது கிடைக்கிற படத்தில் அந்தப் புள்ளிக்கோடும் இல்லை. எல்லைக்கோடுகள் மட்டும் சுத்தமாக இருக்கின்றன. நிலம் கைமாறும்போது வாங்கியவர் பார்த்தது இந்தப் படத்தைத்தான்.

குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் டேப் பிடிக்க, ஒரு நாள் காலையில் போய் அளந்தோம். மூன்று புலங்கள் சேருகிற மூலைக்கல் ரோட்டோரத்தில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து படத்தின் அளவைப் பிடித்து வந்தால் அடுத்த கல் ரிசார்ட் சுவரின் வெளிப்பக்கம், காகிதப்பூப் புதருக்குள் வர வேண்டும். முள்ளை விலக்கி மண்வெட்டியால் நாலு கொத்து கொத்தினதும் டங்கென்று சத்தம். மண்ணைத் துடைத்தால் கருங்கல் தலையில் வெட்டிய அம்புக்குறி அப்படியே இருந்தது, அதன் பள்ளத்தில் காய்ந்த மணல். அந்தக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். கல்லிலிருந்து பாதையின் அகலத்தைப் பிடித்தால் சுவர் புறம்போக்கின் மேலேயே நின்றது. பையன்களில் ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டான். நாங்கள் அளந்தது எங்கள் தெளிவுக்குத்தான், சட்டப்படி அது செல்லாது. கட்டணம் கட்டி, மனு கொடுத்து, அரசு சர்வேயரை வரவழைத்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் எங்கே தோண்டினால் கல் வரும் என்று தெரிந்துகொண்டு மனு கொடுப்பது ஒரு பலம்.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ரிசார்ட்டுக்குக் கொடுத்த கடலோர மண்டல அனுமதியின் நகலைக் கேட்டோம். செங்கல்பட்டு 2019-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. கோப்பு பழசு என்பதால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. கடைசியில் வந்தது. பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்வதைத் தடுக்கக் கூடாது என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. கூடவே வந்த மனை வரைபடத்தில் தெற்கு ஓரமாக 20 மீட்டர் பட்டை ஒன்று, சாய்கோடு போட்டு, கடல் வரை. அழகாக வரைந்திருந்தார்கள். தரையில் அந்த இடத்தில் கார் பார்க்கிங்கும் ஜெனரேட்டர் ஷெட்டும் இருக்கின்றன.

ஆக, ஒரே ஊரில் கடலுக்கு மூன்று விதமான வழி. மூன்றுக்கும் சட்டத்தில் மூன்று விதமான கதி. புறம்போக்குப் பாதையில் சுவர் ஏறியிருந்தால் 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பி மெமோ என்கிற ஆக்கிரமிப்புக் குறிப்பைப் போடலாம், நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். நடக்கிறதா இல்லையா என்பது வேறு, ஆயுதம் கையில் இருக்கிறது. இரண்டாவது, பட்டா நிலத்தில் போகும் மாமூல் வழி. நம் பத்திரங்களில் 'மாமூல் வழிநடை பாத்தியங்கள் உள்பட' என்று ஒரு வரி வழக்கமாக வருமே, அந்த வழி. அதைத் தடுத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போய், இத்தனை வருடமாக நடந்தோம் என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். தினம் மீன் விற்றுப் பிழைக்கிறவர்கள் வாய்தாவுக்கு எத்தனை நாள் அலைவார்கள்? மூன்றாவதுதான் அந்த 20 மீட்டர். அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது, சாய்கோடு போட்ட வரைபடத்தில் இருக்கிறது, கிராமக் கணக்கில் இல்லை. பட்டா ரிசார்ட் பெயரில். தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டால், பட்டா நிலத்துக்குள் ஷெட் போட்டிருக்கிறார், எங்களுக்கு இதில் என்ன வேலை என்பார்கள். அவர்கள் கையில் இருக்கிற பதிவேட்டின்படி அது சரியான பதில்தான்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உள்நாட்டில் ஒரு மனைப்பிரிவு போடுகிறவரைப் பாருங்கள். மனைப்பிரிவுக்குள் வருகிற ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கு பொது ஒதுக்கீடு, பூங்காவுக்கு, விளையாட்டுக்கு. அதற்கும் தானப்பத்திரம். எழுதிக் கொடுத்த பிறகு அந்த ரோடு அவருடையது இல்லை, நாளைக்கு அவரே வந்து சுவர் எழுப்பினாலும் ஆக்கிரமிப்புதான். புறநகரில் அரை கிரவுண்டு வாங்குகிறவருக்குப் போட்டிருக்கிற இந்தப் பாதுகாப்பு, கடலுக்குப் போகிற வழிக்கு இல்லை. கடலோர அறிவிக்கை இடம் விடு என்கிறது. யாருக்கு விடுவது, யார் பராமரிப்பது, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று சொல்லவில்லை.

விதியின் வாசகத்திலும் ஓட்டை இருக்கிறது. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். குறையக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? அடுத்தடுத்து நெருக்கமாக வழி விடத் தேவையில்லை. ஆனால் அதிகபட்சம் இவ்வளவு தூரத்துக்குள் ஒரு வழியாவது வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அளவு வேலை பார்க்கிற யாரும் இப்படி ஒரு வரியை வைத்துக் கல் நட முடியாது. அதோடு, 'இரண்டு ஓட்டல்களுக்கு நடுவே' என்றுதான் இருக்கிறது. ஒரு பக்கம் ஓட்டல், மறுபக்கம் யாரோ ஒருவரின் பங்களா என்றால்? அடுத்தடுத்து பத்து பண்ணை வீடுகள் என்றால்? நம் பக்கத்துக் கடற்கரையில் ரிசார்ட்டை விட இப்படிப்பட்ட சுவர்கள்தான் அதிகம். அவர்களை இந்த வரி தொடுவதே இல்லை.

கலிபோர்னியாவில் 1976-ல் ஒரு கடற்கரைச் சட்டம் போட்டார்கள். கடலோரத்தில் வீடு கட்ட அனுமதி கேட்பவர்களிடம், என் மனை வழியாக நடைவழி தருகிறேன் என்று ஆவணம் எழுதிப் பதிவு செய்யச் சொன்னார்கள். மாலிபுவில் டேவிட் கெஃபன் என்ற பெரிய சினிமா, இசைத் தயாரிப்பாளர் 1983-ல் அப்படி ஒப்புக்கொண்ட வழி, கோர்ட்டுச் சண்டையெல்லாம் தாண்டி 2005-ல்தான் திறந்தது. அங்கேயும் பணக்காரர்கள் இழுத்தடிக்கத்தான் செய்கிறார்கள். 1987-ல் அவர்கள் உச்ச நீதிமன்றமும், கட்டடத்தால் வருகிற பாதிப்புக்கும் கேட்கிற வழிக்கும் தொடர்பு இல்லாவிட்டால் சும்மா வழி கேட்கக் கூடாது என்று கையைக் கட்டியது. ஆனாலும் 22 வருடம் கழித்து ஒரு கேட் திறந்தது என்றால், பதிவான ஆவணம் ஒன்று இருந்ததால்தான் திறந்தது.

நம் உச்ச நீதிமன்றமும் சும்மா இல்லை. 1996-ல் கமல்நாத் வழக்கு. இமாச்சலில் பியாஸ் ஆற்றோரம் ஒரு ஓட்டல் ஆற்றையே திருப்பிய விவகாரம். கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு இவை மக்களுக்கான பொதுச் சொத்து, அரசு அவற்றுக்கு அறங்காவலர் மட்டுமே என்று அதில் தீர்ப்பு. கடற்கரைக்கு உரிமை உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேருகிற கடைசி 200 மீட்டருக்குத்தான் பட்டா.

ரிசார்ட் மேனேஜரிடமும் பேசினோம். மரியாதையாகத்தான் உட்காரவைத்துப் பேசினார். ராத்திரியில் குடித்துவிட்டு வருகிறார்கள், பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், தங்குகிற பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த மணலில் உடைந்த பாட்டிலை நானே மிதிக்காமல் தாண்டியிருக்கிறேன். அதற்கு விளக்கு போட வேண்டும், குப்பைத்தொட்டி வைக்க வேண்டும், ஊராட்சியும் போலீஸும் பார்க்க வேண்டும். குப்பத்துப் பெண்களுக்கும் அந்தக் குடிகாரர்களால் தொந்தரவுதான். அவர்கள் யாரும் வழியை மூடு என்று சொல்லவில்லை. அதைச் சொன்னபோது மேனேஜர், முடிவு எடுக்க வேண்டியது முதலாளிதான் என்று முடித்துக்கொண்டார்.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. கடலோர அனுமதி கொடுக்கும்போதே அந்த 20 மீட்டரை உட்பிரிவு செய்து, தனி எண் கொடுத்து, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் பதிந்த பிறகுதான் கட்டுமானம் தொடங்கலாம் என்று ஒரு நிபந்தனை. 'அ' பதிவேட்டில் 'கடற்கரைக்குப் பொதுப்பாதை' என்று ஒரு பதிவு. நாலு மூலையிலும் கல். கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர்களின் பொது இடங்களையும் மீன் காயவைக்கிற தளங்களையும் காட்ட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. அதே வரைபடத்தில் இந்தப் பாதையும் ஏறட்டும். ஏற்கெனவே கட்டியாகிவிட்ட ரிசார்ட்டுகளுக்கு? அனுமதி வரைபடத்தில் பட்டை காட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதையே வைத்து உட்பிரிவு மனுவை அரசே போடலாம்.

எங்கள் ஊர் விஷயம் எங்கே நிற்கிறது என்றால், புறம்போக்குப் பகுதியை அரசு சர்வேயர் வந்து அளந்துவிட்டார். சுவர் பாதைக்குள் ஏறியிருப்பது அவர் அறிக்கையிலும் வந்துவிட்டது. நோட்டீஸ் போயிருக்கிறது. புள்ளிக்கோட்டுப் பாதைக்கு வயதானவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறோம். சாய்கோட்டுப் பட்டைக்காக மாவட்டக் கடலோர மண்டலக் குழுவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். ஆட்சியர் தலைமையிலான அந்தக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்பது 2011 விதி. அவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு நேரில் போய்ப் பாருங்கள், மனு வேகமாக நகரும்.

கடலோர ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கிராம சபைக்கு முன்னால் ஒரு மாலை ஒதுக்குங்கள். தமிழக அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேடும் புலப்படமும் இலவசமாகப் பார்க்கலாம். கடலுக்குப் போகிற ஒவ்வொரு வழிக்கும் நம்பர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸில் பழைய புலப்படத்துக்கு நகல் மனு போடுங்கள், புள்ளிக்கோடு அதில்தான் இருக்கும். தீர்மானம் எழுதும்போது 'கடற்கரைக்குப் பாதை வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்த சர்வே நம்பர், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எத்தனை மீட்டர் அகலம் என்று எழுதுங்கள். தீர்மான நகலில் ஊராட்சி முத்திரையும் தேதியும் விழுகிற வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.